வாலன்டியருக்குப் பின்னால் யார்?

சம்பளமில்லாத வேலைக்கு ஆள் சேர்ப்பது சுலபம். சேர்ந்தவரைக் கட்டிக் காப்பதுதான் கடினம். சித்தூர், திருப்பதி வட்டாரம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது.

காணிப்பாக்கத்தில் பொய் சொல்லக் கூடாது. கிணற்றிலிருந்து சுயம்புவாக எழுந்த வரசித்தி விநாயகரின் முன்னால் செய்யும் சத்தியம் கோர்ட்டுத் தீர்ப்பைவிடக் கனமானது என்பது சித்தூர்ச் சீமையின் நம்பிக்கை. குடியை விட நினைப்பவர்கள் இங்கே வந்து முழுகிச் சத்தியம் செய்கிறார்கள். ஊழல் புகாரில் சிக்கிய அரசியல்வாதிக்கு எதிராளி விடும் கடைசிச் சவாலும் 'காணிப்பாக்கம் வரத் தயாரா?' என்பதுதான். சொல்லுக்கு இவ்வளவு மரியாதை தரும் வட்டாரத்தில் ஒரே ஒரு சொல் மட்டும் சில ஆண்டுகளாகத் தன் பொருளைத் தொலைத்துவிட்டுத் திண்டாடுகிறது. அந்தச் சொல் 'வாலன்டியர்'.

இந்தப் பக்கத்து முதியவர் ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், அவர் நினைவுக்கு வருவது தொண்டு அல்ல, ஒன்றாம் தேதி. 2020 பிப்ரவரி முதல் 2024 மார்ச் வரை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி விடியற்காலையில் கதவைத் தட்டி, விரல் ரேகை பார்த்து, ஓய்வூதியப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர்தான் வாலன்டியர். ஜெகன்மோகன் ரெட்டி அரசு 2019 ஆகஸ்டு 15-ல் தொடங்கிய திட்டம் அது. 50 வீட்டுக்கு ஒருவர், மாதம் ரூ. 5,000 மதிப்பூதியம். மாநிலம் முழுவதும் சுமார் 2.6 லட்சம் பேர். 2024 தேர்தலோடு அவர்கள் காட்சியிலிருந்து மறைந்தார்கள். மறைந்த விதம் பிறகு.

அதற்கு வெகு காலம் முன்பே இதே மாவட்டத்தில் தொண்டர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று அவர்களை நடத்திய ஆட்களும் இருந்தார்கள். செய்தித்தாள்களில் தொண்டரின் படம் வரும், பின்னால் நின்றவரின் படம் அபூர்வமாகத்தான் வரும். தொண்டரின் தலைவிதியைத் தீர்மானித்தவர் என்னவோ அவர்தான்.

காணிப்பாக்கம் இருப்பது இராலா மண்டலத்தில். அடுத்தது தவணம்பள்ளி மண்டலம். வானம் பார்த்த சிறு கிராமங்கள் நிறைந்த அந்த மண்டலம் அதன் அளவுக்கு மீறிப் பெரிய மனிதர்களைத் தந்திருக்கிறது. அப்போலோ மருத்துவமனைகளை நிறுவிய டாக்டர் பிரதாப் ரெட்டியின் அரகொண்டா அங்கேதான் இருக்கிறது. பாட்டூரி ராஜகோபால நாயுடுவின் திகுவமாகமும் அங்கேதான். 1977-லும் 1980-லும் சித்தூர்த் தொகுதியின் காங்கிரஸ் எம்.பி. அவர். ஆனால் அவருடைய அரசியல் குரு காங்கிரஸ்காரர் என்று ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய ஆள் அல்ல. ராஜாஜியோடு 1959-ல் சுதந்திரா கட்சியைக் கட்டியெழுப்பி அதன் தலைவராக இருந்த ஆசார்ய என்.ஜி. ரங்காதான் அந்த குரு. குண்டூர் மாவட்டத்து நிடுப்ரோலுவில் 1934-ல் விவசாயிகளுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி நடத்திய ரங்கா, 1962 பொதுத் தேர்தலில் தோற்றுவிட்டு இடைத்தேர்தலில் சித்தூரில் நின்று ஜெயித்தார். ஆசார்யருக்கு இந்த மாவட்டத்தோடு உள்ள உறவு அப்படிப்பட்டது.

இந்த இருவரோடு மூன்றாவதாகச் சேர்ந்தவர் குத்தா முனிரத்தினம். மேடைக்காரர் அல்ல, நிர்வாகி. 1981-ல் திருப்பதியில் 'ராயலசீமா சேவா சமிதி' பிறந்தது. ரங்காவின் ஆசி, ராஜகோபால நாயுடுவின் செல்வாக்கு, முனிரத்தினத்தின் உழைப்பு. வேலை ராயலசீமாவின் எல்லையைத் தாண்டியதும் 'ராயலசீமா' என்பது 'ராஷ்ட்ரிய' ஆயிற்று. ஆங்கிலச் சுருக்கம் மட்டும் மாறவில்லை, முன்னும் பின்னும் 'ராஸ்'தான். பெயரை மாற்றும்போதுகூடப் பழைய லெட்டர்ஹெட்டை வீணாக்காத சிக்கனம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 2012-ல் முனிரத்தினத்துக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ராஸ் செய்த வேலைகளை அடுக்கினால் மத்திய அரசின் திட்டப் புத்தகத்தைப் படிப்பது போலிருக்கும். குழந்தைக் காப்பகம், முதியோர் இல்லம், பெண்களின் சேமிப்புக் குழு, நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு, எய்ட்ஸ் விழிப்புணர்வு, தொழிற்பயிற்சி. திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் 1992 முதல் ரங்காவின் பெயரில் ஒரு வேளாண் அறிவியல் நிலையமும் நடக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியபோது அதை நடத்தியது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். அப்படியொரு நிலையத்தைத் தன்னார்வ நிறுவனம் ஒன்றின் கையில் கொடுக்கலாம் என்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. விஞ்ஞானியை நியமிக்கக் கழகத்தால் முடியும். கிராமத்தில் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கேட்க நாலு பேரைக் கூட்டி வர அதனால் முடியாது.

அந்த நாலு பேரைக் கூட்டி வருபவர்தான் தொண்டர். பெரும்பாலும் பெண். காலையில் பால்வாடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவருவார், மாலையில் சேமிப்புக் குழுவின் நோட்டை எழுதுவார், நடுவில் தன் வீட்டு மாட்டுக்கும் தண்ணீர் காட்டுவார். கிடைப்பது ஊதியம் என்று சொல்ல முடியாத ஒரு தொகை. இவரிடம் அன்பு இருக்கிறதா, அர்ப்பணிப்பு இருக்கிறதா என்பதெல்லாம் ஆண்டறிக்கைக்குரிய கேள்விகள். அவருக்குத் தேவைப்படுவது வேறு. நோட்டில் கணக்குத் தப்பினால் திருத்தித் தர ஒருவர், வங்கி மேலாளர் விரட்டினால் கூடவந்து பேச ஒருவர், புருஷன் 'இதெல்லாம் எதற்கு' என்று கேட்டால் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போக ஒரு பெரிய மனிதர், பஸ் காசு. இதற்கெல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பெயர் 'நிர்வாகச் செலவு'.

நன்கொடையாளர்களுக்கும் சர்க்காருக்கும் பிடிக்காத இரண்டு சொற்கள் உண்டென்றால் அவை இவைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு 2020-ல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக வெட்டியது. வாங்கிய பணத்தை வேறொரு சிறு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடைசெய்தது. முறைகேட்டைத் தடுப்பது நோக்கம் என்றது அரசு. முறைகேடு செய்தவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் அடி விழுந்தது நாடெங்கும் தொண்டர்களின் பின்னால் நின்ற அமைப்புகளின் முதுகில். கிராமத்துப் பெண்ணுக்குத் தையல் இயந்திரம் வாங்கித் தருவது திட்டச் செலவு. அதைப் பழுதுபார்க்க ஆளனுப்பும் அலுவலகத்தின் வாடகை நிர்வாகச் செலவு. இதில் முதலாவதை மட்டும் அனுமதித்தால் என்ன ஆகும் என்பதைக் கிராமங்களில் துணி போர்த்தி மூலையில் நிற்கும் தையல் இயந்திரங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆதரவு இருந்தால் தொண்டர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆந்திரம் பார்த்தது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும் தென்னகம் முழுவதும் கலெக்டர்களுக்கு ஒரு வேகம் வந்தது. சித்தூரில் இயக்கத்துக்கு 'அட்சர தபஸ்மன்' என்று பெயர். சிலேட்டு, லாந்தர், பாடப் புத்தகம், பாட்டு. பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்பது கணக்கு. தொண்டருக்குச் சல்லிக் காசு கிடையாது. தமிழ்நாட்டு வாசகர்கள் இதன் உடன்பிறப்பைப் புதுக்கோட்டை அறிவொளியில் பார்த்திருக்கிறார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், ஒருங்கிணைப்பாளர் கண்ணம்மாள், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு ஊரைக் கலக்கிய பெண்கள் எல்லாம் 1991, 1992-ம் ஆண்டுகளின் கதை.

ஆனால் உண்மையான வெடி பக்கத்து மாவட்டத்தில், நெல்லூரில் வெடித்தது. அங்கே எழுத்தறிவுப் பாடப் புத்தகத்தில் 'சீதம்மா கதை' என்று ஒரு பாடம். கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூடவைக்கும் கதை. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் பாடத்தைப் படித்துவிட்டு அதைச் செய்தே காட்டிவிட்டார்கள். அந்தப் போராட்டத்தின் முகமாகத் தெரியவந்தவர் ரோசம்மா. 1992-ல் அது மாநிலம் முழுவதும் பரவி, சாராய ஏலங்களையே நடத்த விடாமல் செய்தது. 1993 அக்டோபர் 1-ல் ஆந்திரத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார். அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

இங்கே கவனிக்க வேண்டியது சர்க்காரின் தர்மசங்கடம். எழுத்தறிவு இயக்கத்தின் தலைவர் கலெக்டர். சாராய ஏலத்தை நடத்துபவரும் கலெக்டர். ஒரு கையால் புத்தகம் கொடுத்தவர், இன்னொரு கையால் கள்ளுண்ணாமை அதிகாரத்தை மூடிவைக்கச் சொல்ல வேண்டிய நிலை. பாடத்தை நீக்கும்படி அழுத்தம் வந்தது, பாடமும் போயிற்று. அதற்குள் பெண்கள் படித்து முடித்திருந்தார்கள். பிறகு இயக்கத்தின் சூடு ஆறி, தொண்டர்களைக் கேட்பார் இல்லாமல் போனதும், கற்ற எழுத்தைப் பலர் மறந்தார்கள். தொண்டரை உசுப்பிவிடுவது சர்க்காருக்குத் தெரியும். உசுப்பப்பட்டவர் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்பது தெரியாது.

அந்த வகையில் திருமலையில் சிக்கல் இல்லை. பெருமாளுக்குச் சாராய ஏலம் கிடையாது.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2000-ல் 'ஸ்ரீவாரி சேவா' என்ற தொண்டர் திட்டத்தைத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 195 பேர். இன்று மலைமேல் எங்கு திரும்பினாலும் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய சேவகர்கள். கியூ வளாகத்தில் அழும் குழந்தைக்குப் பால் கொண்டுவருபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருப்பார். அன்னபிரசாதக் கூடத்துக்குப் பின்னால் மலைபோல் குவிந்த பூசணிக்காயை நறுக்கும் பெண்களில் ஒருவர் சென்னையில் ஒரு அலுவலகத்தையே அதட்டி நடத்துபவராக இருப்பார். பிரம்மோற்சவத்தில் கருட சேவையன்று நான்கு மாட வீதிகளின் காலரிகளில் காலையிலிருந்து இடம்பிடித்து உட்கார்ந்தவர்களுக்கு உப்புமாவும் மோரும் கைமாறிக் கைமாறிப் போவது இவர்களால்தான். தமிழில் பேசித் தமிழ்ப் பக்தர்களைச் சமாளிக்கும் சேலத்து, கோவைக் குழுக்களைப் பார்க்காமல் திருமலையிலிருந்து யாரும் திரும்ப முடியாது.

பக்தி இருந்தால் ஆள் வரத்தானே செய்யும் என்று தோன்றலாம். ஆள் வரும். வந்த ஆள் ஏழு நாள் எங்கே படுப்பது? எங்கே குளிப்பது? எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்பது? யாரிடம் கேட்டு எதைச் செய்வது? 'ஸ்ரீவாரி சேவா'வின் வெற்றி இந்த அற்பக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பதில் இருக்கிறது. தனியாளாக அல்ல, பத்துப் பதினைந்து பேர் குழுவாகத்தான் வர வேண்டும், குழுவுக்கு ஒரு தலைவர். முன்பதிவு, வயது வரம்பு, ஏழு நாள் கணக்கு. தங்க இடமும் சாப்பாடும் தேவஸ்தானத்துடையது. வந்து சேர்ந்ததும் பயிற்சி வகுப்பு, பிறகு வேலைப் பங்கீடு. இந்த ஏற்பாடு தேவஸ்தானத்தின் மக்கள் தொடர்புப் பிரிவின் பொறுப்பு. அந்த அலுவலகத்தின் நாற்காலிகளில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியல் தயாரிப்பவர்களுக்குச் சம்பளம் உண்டு. இருக்கவும் வேண்டும். ஆயிரம் பேர் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்க, சம்பளம் வாங்கும் பத்துப் பேராவது சரியாக வேலை பார்க்க வேண்டும்.

ராயலசீமாவில் இதற்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. புட்டபர்த்தியில் சத்ய சாயி சேவாதளத்தினர் அறுபதுகளிலிருந்தே ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வரிசைகளை ஒழுங்குபடுத்தி வந்திருக்கிறார்கள். திருமலை அதை இன்னும் நுணுக்கமாக்கியது. உண்டியல் பணத்தை எண்ண 2012-ல் தனியாகப் 'பரகாமணி சேவா' வந்தது. அதில் சேர வங்கி, அரசு, பொதுத்துறை அனுபவம் வேண்டும். காசை எண்ண, எண்ணிப் பழகியவரே வேண்டும் என்பது பெருமாளின் சன்னிதியிலும் பொருந்துகிறது.

கூலி? சேவை முடிவில் ஒரு தரிசனம். அதற்காகத்தான் வருகிறார்கள் என்று முகத்தைச் சுளிப்பவர்கள் உண்டு. ஏழு நாள் காய் நறுக்கிவிட்டு ஒரு நிமிட தரிசனத்தைக் கூலியாகக் கேட்பவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல மனசு வரவில்லை.

இந்தத் தொண்டர்களுக்கு ஓர் எல்லையும் உண்டு. 2025 ஜனவரி 8-ம் தேதி இரவு, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகத் திருப்பதி நகரத்தில் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். சேலத்திலிருந்து வந்த பெண்மணி ஒருவரும் அதில் அடக்கம். எந்தக் கதவை எப்போது திறப்பது என்பது அதிகாரியும் போலீசும் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவு தப்பினால் தண்ணீர் கொடுக்கும் கையால் ஒன்றும் செய்ய முடியாது.

தொண்டர் என்ற தமிழ்ச் சொல்லுக்கு நாயன்மார்கள் காலத்திலிருந்து ஒரு மரியாதை உண்டு. கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கிய அப்பரின் கையில் இருந்த உழவாரப்படைதான் அதன் சின்னம். இருபதாம் நூற்றாண்டு அந்தச் சொல்லைக் கட்சிகளின் கையில் கொடுத்தது. கொடி கட்டுபவரும் தொண்டர், பஸ்ஸை மறிப்பவரும் தொண்டர். அதனால்தானோ என்னவோ, கட்சி சாராதவரைக் குறிக்கத் 'தன்னார்வலர்' என்று புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. தெலுங்கிலும் 'ஸ்வச்சந்த சேவை' என்று அழகான பெயர் இருக்கிறது. ஆனால் அரசாணையில் ஏறியது 'வாலன்டியர்'தான்.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஆந்திரத்தில் கௌரவமான சரித்திரமும் உண்டு. 1923 டிசம்பர், காக்கிநாடா காங்கிரஸ். கண்காட்சி வாசலில் வாலன்டியராக நின்ற 14 வயதுச் சிறுமி, டிக்கெட் இல்லாமல் வந்தவரை உள்ளே விட மறுத்தாள். வந்தவர் ஜவாஹர்லால் நேரு. அமைப்பாளர்கள் பதறிப்போய் டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிறகே வழிவிட்டாள். அந்தச் சிறுமிதான் பின்னாளில் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவிய துர்காபாய் தேஷ்முக். டிக்கெட் இல்லாத தலைவரை நிறுத்த அவளால் முடிந்தது. ஏனென்றால் அவளுக்கு யாரும் மாதச் சம்பளம் கொடுக்கவில்லை.

2019-ன் வாலன்டியருக்கு அந்த வசதி இல்லை. திட்டம் பயனற்றது என்று யாரும் சொல்ல முடியாது. நடக்க முடியாத கிழவிக்கு வாசலில் பணம் வந்தது. கொரோனா காலத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தவர்கள் இவர்கள்தான். ஆனால் நியமித்தது சர்க்கார். ஐம்பது வீடுகளின் விவரமும் அவர்கள் கையில். ஆளும் கட்சிக்கு இவர்கள் கண்ணும் காதும் என்றன எதிர்க்கட்சிகள். 2021 பிப்ரவரியில் வாலன்டியர்களில் ஒரு பகுதியினர் சம்பள உயர்வு கேட்டு வீதிக்கு வந்தார்கள். முதல்வர் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். இது வேலையல்ல, சேவை. அதனால்தான் வாலன்டியர் என்று பெயர். ரூ. 5,000 சம்பளமல்ல, ஊக்கத்தொகை. கடிதத்தின் சாரம் இது. இரண்டு மாதத்தில் சேவா வஜ்ரா, சேவா ரத்னா, சேவா மித்ரா என்று விருதுகள் வந்தன. விருதோடு ரொக்கமும்.

ஒரு நாளைக்குச் சுமார் 167 ரூபாய் வாங்குபவர் ஊழியரா, தொண்டரா? ஊழியர் என்றால் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., சங்கம் என்று கேட்கலாம். தொண்டர் என்றால் இஷ்டமில்லாதபோது விலகிப் போகலாம், தலைவரை வாசலில் நிறுத்தலாம். இரண்டில் எந்த உரிமையும் இல்லாத இடத்தில் அந்த இளைஞர்களை நிறுத்தியது திட்டம். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும் மாதம் ரூ. 1,000 கொடுத்துத் 'தன்னார்வலர்' என்றே அழைத்தது. மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதோடு வேலை முடிந்ததால் இந்தக் கேள்வி அங்கே இவ்வளவு கூர்மையாக எழவில்லை.

2024 மார்ச் 30-ல் தேர்தல் ஆணையம் வாலன்டியர்கள் ஓய்வூதியம் வழங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மாநிலமெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ராஜினாமா செய்தார்கள். ராஜினாமா செய்தால் கட்சிக்கு வேலை பார்க்கலாம் என்பது கணக்கு. ஏப்ரல் வெயிலில் முதியவர்கள் பணத்துக்காக அலைந்ததும், அலைச்சலில் சிலர் இறந்ததாகச் சொல்லப்பட்டதும் இரண்டு கட்சிகளுக்கும் பிரசார விஷயமாயிற்று. நாங்கள் வந்தால் வாலன்டியருக்கு மாதம் ரூ. 10,000 என்றார் சந்திரபாபு நாயுடு. வந்தார். ஜூலை 1-ம் தேதி ஓய்வூதியத்தை வீடு வீடாகக் கொடுத்தவர்கள் கிராமச் செயலக ஊழியர்கள். ஒரே நாளில் பெரும்பகுதி பட்டுவாடா ஆகிவிட்டது. வாலன்டியர் இல்லாமலே முடியும் என்று தெரிந்துபோயிற்று. வாலன்டியர்களின் பணிக்காலம் 2023 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது, அதைப் பழைய அரசு புதுப்பிக்கவே இல்லை, இல்லாத பதவிக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது என்று 2024 நவம்பரில் சட்ட மேலவையில் கேட்டார் துறை அமைச்சர் டோலா ஸ்ரீ பால வீராஞ்சனேய சுவாமி.

அதாவது, கடைசி ஏழு மாதம் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் விடியற்காலையில் கதவைத் தட்டியவர்கள், அரசாங்கக் காகிதத்தின்படி, யாரும் அனுப்பாமல் தாங்களாகவே வந்தவர்கள்.